காத்துக்காரரும் நாலு மணி விருந்தும்

சுவிட்சர்லாந்துக்குள் கிடக்கிற பழைய காற்றையெல்லாம் வெளியே துரத்திவிட்டுப் புதுக் காற்றை நிரப்பியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் மேல்வீட்டுக் காத்துக்காரர்தான். இத்தனை மலை இருக்கிற நாட்டில் காற்றுக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வெளியாலை பஞ்சமில்லை. வீட்டுக்குள்ளைதான் பஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே என் குசினி யன்னலைத் திறந்தார். அது தை மாதம். யன்னல் விளிம்பில் இருந்த பனி அப்படியே என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

அவர் ஒரு ஜெர்மன்காரர். வில் என்கிற சுவிஸ் நகரத்தில் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் ஒரு சுவிஸ் அம்மா தனியாக இருக்கிறார். நடுவில் நானும் என் கணவரும். மேல்வீட்டில் இவர். பொதி சுற்றும் இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை கிடைத்து, மனைவியை ஹனோவரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். தபால் பெட்டியில் அவருடைய சொந்தப் பெயர் அழகாக ஒட்டியிருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் ஒருவர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் என்னோடு கதைத்தது ஜெர்மனில், நான் பதில் சொன்னதும் ஜெர்மனில். ஆனால் என் தலைக்குள் அதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்து கிடக்கிறது. வேறு விதமாக எழுதினால் அவருடைய குரல் எனக்கே கேட்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் அவரும் யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர் போலத்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது காய்ந்த செத்தல் மிளகாயால். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இங்கே கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. என் கணவருக்கு அது ஆகாது. "இது தூளோ? செங்கல்லை அரைச்சுப் பையிலை கட்டியிருக்கிறாங்கள்" என்பார். ஆகையால் வீட்டில்தான் வறுக்க வேண்டும். மிளகாய் சட்டியில் ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்வீட்டு அம்மாவுக்கும் தெரியும். அதனால் அவர் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போகிற வியாழக்கிழமை பின்னேரம் பார்த்துத்தான் நான் சட்டியை வைப்பேன். அந்தக் குளிரில் யன்னலைத் திறக்க மனம் வராது. அவர் திரும்பி வந்ததும் ஒரு தடவை மேலே ஏறி, என் கதவடியில் நின்று மூக்கை உறிஞ்சுவார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த உறிஞ்சலிலேயே இருக்கும்.

மேல்வீட்டுக்குப் புது ஆள் வந்துவிட்டது அந்த வியாழக்கிழமை எனக்குத் தெரியாது. மிளகாய் கறுக்கத் தொடங்கிய நேரம் கதவு இடிபட்டது. திறந்தால் நெட்டையாக ஒரு மனிதர், கண்கள் சிவந்து, கழுத்துத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. "மன்னிக்கோணும்" என்று ஒரு சொல். சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக ஓரத்தில் வைத்தார். அந்த அவசரத்திலும் குதிகள் இரண்டும் சுவரைத் தொட்டு நிற்கிற மாதிரி வைத்தார். பிறகு உள்ளே பாய்ந்து குசினி, இருக்கையறை, படுக்கையறை என்று ஒரு யன்னல் மிச்சமில்லாமல் அகலத் திறந்தார்.

என் கணவர் சாரமும் பெனியனுமாக டிவிக்கு முன்னால் சாய்ந்திருந்தவர். குளிர்காற்று நெஞ்சில் அடித்ததும் துள்ளி எழும்பினார்.

"இஞ்சேரும், ஆர் இவர்? காத்துக்காரரோ?"

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

"பாதி திறக்கிறது பிழை. முழுசாத் திறக்கோணும், கொஞ்ச நேரம் விடோணும், பிறகு பூட்டோணும். சுவரிலை சூடு அப்பிடியே நிக்கும். காத்து மட்டும் மாறும்" என்று அவர் என் கணவருக்கு விளக்கம் சொன்னார். என் கணவர் பல் கிட்டிப்போய்ப் போர்வையைத் தேடினார். ஜெர்மனியில் இதைச் சிறுவயதிலேயே பழக்கிவிடுவார்களாம். காலையும் மாலையும் பல் தீட்டுவது போல வீட்டுக்கும் செய்ய வேண்டுமாம். யன்னலை அரைகுறையாகச் சாய்த்து வைக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், ஏதோ குடும்பத்துக்கே அவமானம் தேடித் தந்தவர்கள் போல இருந்தது.

அன்று கீழ்வீட்டு அம்மா பாட்டு முடிந்து வந்தார். கதவடியில் நின்றார், உறிஞ்சினார். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு இறங்கிப் போனார். கறித்தூள் வறுத்த நாளில் நான் தலை நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சட்டி வைக்க முன் மேல்வீட்டு மணியை அடித்துவிடுவேன். அவரும் கடமைக்கு வருகிற அதிகாரி மாதிரி வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, யன்னல் யன்னலாகப் போவார்.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்பேன்.

"இல்லை, நான் அலுவலா வந்தனான். சாப்பிட வரச்சொல்லி ஒருதரும் அழைக்கேல்லை."

"இப்ப நான் அழைக்கிறன்தானே?"

"இப்ப அழைச்சால் அது கணக்கிலை வராது" என்று சோற்றையும் கறியையும் பெட்டியில் வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவார். சற்று நேரத்தில் எங்கள் கூரைக்கு மேலே அவர் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். "எப்பிடி, உறைச்சதோ?" என்று மறுநாள் கேட்டால், "உறைச்சது. அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூட வையுங்கோ" என்பார்.

வந்த புதிதில் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "பாஷையும் ஒண்டு, பாணும் ஒண்டு. ஒரு கிழமையிலை நான் இஞ்சத்தை ஆள்" என்று என்னிடம் சொன்னார். அகதியாக வந்த எங்களுக்கு நாங்கள் வெளிநாட்டுக்காரர் என்பது விமான நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. பாவம், அவருக்கு அதைக் கண்டுபிடிக்கவே பல மாதம் எடுத்தது.

முதல் அடி பாண் கடையில், ரொட்டி வாங்கப் போன இடத்தில், விழுந்தது. ஒரு சனிக்கிழமை காலை, காகிதப் பையோடும் தொங்கிப்போன முகத்தோடும் படியேறி வந்தார்.

"பிராவ் சிவகுருநாதன், நான் என்ன பிழை விட்டனான்? அந்தப் பெட்டை நான் கடையைக் கொள்ளையடிக்க வந்த மாதிரிப் பாக்கிறாள்."

என் கணவரின் பெயரை முழுசாக, ஓர் எழுத்தும் விழாமல் சொன்ன ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் பிராவ் சிவா, அதாவது திருமதி சிவா. இவர் மட்டும் அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பழகியிருந்தார்.

"நீங்கள் என்னெண்டு கேட்டனீங்கள்?"

"நாலு பாண் தாங்கோ எண்டன்."

"அவ்வளவுதானோ?"

"பாண் கடையிலை வேறை என்னத்தைக் கேக்கிறது?"

அன்று என் குசினி மேசை பாண் கடையானது. நான் கடைக்காரி, அவர் வாடிக்கையாளர். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். முடியுமானால், சிரமம் இல்லையென்றால், நாலு பாண் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். தந்தால் நன்றி. அவள் நன்றி சொன்னால் அதற்கும் ஒரு நன்றி. பிறகு நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்த வேண்டும். உங்களுக்கும் அப்படியே என்று அவள் சொல்வாள். கதவடியில் நின்று போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.

"இதுக்கிடையிலை பாண் ஆறிப்போயிடுமே!" என்றார்.

"ஆறட்டும். நீங்கள் இஞ்ச இருக்கப்போறீங்களோ இல்லையோ?"

இரண்டு கிழமை பழகினார். பிறகு ஒருநாள் பாண் கடைப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். அந்தச் செய்தியைச் சொல்ல எங்கள் மணியை அடித்தார். அந்த வெற்றி தலைக்கேறி, சுவிஸ்காரர் மாதிரியே இழுத்து இழுத்துக் கதைக்கவும் தொடங்கினார். கீழ்வீட்டு அம்மாவுக்கு அது தன்னைப் பகிடி பண்ணுவதாகப் பட்டது. "அதை மட்டும் செய்யாதேங்கோ" என்று நான் தடுத்தேன். "நாங்கள் பிழையாக் கதைச்சால் கொஞ்சம் சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம். நீங்கள் சரியாக் கதைச்சாலும் முறைப்பினம்." அவர், "அப்ப உங்களுக்குத்தான் லேசு" என்றார். எங்களைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அடுத்தது உடுப்புத் தோய்க்கிற அறை. இந்த நாட்டு மாடிக் கட்டடங்களில் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெசின் இருக்கும். வீட்டுக்கொரு நாள். திங்கட்கிழமை கீழ்வீட்டு அம்மாவுடையது. அவர் தோய்க்கிறாரோ இல்லையோ, திங்கட்கிழமை அவருடையதுதான். ஒரு திங்கட்கிழமை காத்துக்காரர் கீழே போயிருக்கிறார். மெசின் சும்மா நின்றிருக்கிறது. சும்மா நிற்கிற மெசினைக் கண்டால் எஞ்சினியருக்குப் பொறுக்குமா? தன் உடுப்பைப் போட்டுவிட்டார். அம்மா ஏதோ எடுக்க வந்தவர், கண்ணாடிக்குள்ளே ஆம்பிளை உள்ளாடைகள் சுற்றுவதைக் கண்டார். கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மெசின் ஓய்கிறவரைக்கும் முன்னாலேயே நின்றார். அதைவிடக் கத்தியிருக்கலாம் என்று காத்துக்காரர் பிறகு சொன்னார்.

"மெசின் சும்மா நிண்டது, பிராவ் சிவகுருநாதன்! அவ தோய்க்கேல்லை!"

"அதை மெசின் எண்டு ஏன் பாக்கிறீங்கள்? எங்கட ஊர்க் கோயிலிலை திருவிழா நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின்ரை உபயம். அந்தக் குடும்பம் லண்டனிலை இருந்தாலும், அண்டைக்கு வராட்டிலும், அது அவையின்ரை திருவிழாதான். போய் உங்கட பேரிலை நடத்துவீங்களோ?"

அது அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வாரமே ஒரு பூச்சாடியோடு போய் மன்னிப்புக் கேட்டார். அம்மா சாடியை வாங்கினார், கதவைச் சாத்தினார். ஆனால் படிக்கட்டு யன்னல் சண்டை மட்டும் ஓயவே இல்லை. எங்கள் மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவில் பெரிய யன்னல் ஒன்று இருக்கிறது. காத்துக்காரர் காலையில் வேலைக்குப் போக முன் இறங்கி வந்து அதை அகலத் திறப்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பூட்டுவதற்கிடையில் கீழ்வீட்டு அம்மா வீட்டுக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து டமார் என்று சாத்துவார். அவருக்குக் காற்று, இவருக்குச் சூடு. பின்னேரமும் அதே கூத்து. எங்கள் வீட்டில் மணிக்கூடு பார்க்கிற வேலையே இருக்கவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மனிதர் தனியாக இருக்கிறார் என்பது உறைக்கக் காலம் எடுத்தது. வேலையிடத்தில் எல்லோரும் அன்பானவர்கள்தானாம். "ஒருநாளைக்கு ஒரு பியர் குடிக்கோணும்" என்று ஒருவர் சொன்னாராம். இவர் உடனே போனில் நாட்காட்டியைத் திறந்து, "எண்டைக்கு?" என்று கேட்டாராம். மற்றவர் அன்றிலிருந்து வேறு வழியால் சாப்பாட்டு அறைக்குப் போகிறாராம். நாங்கள் அவரிடம், "எப்பவும் வாங்கோ, கதவு திறந்துதான் கிடக்கு" என்று எத்தனையோ தடவை சொன்னோம். "எப்பவும் எண்டால் எத்தினை மணி?" என்று கேட்டாரே தவிர வரவில்லை.

அவருடைய இரண்டாவது குளிர்காலம் முடிகிற நேரம். முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்து ஏறி வருகிறேன், காத்துக்காரர் படிக்கட்டு யன்னலடியில் நிற்கிறார். யன்னல் பூட்டியிருக்கிறது. அவர் திறக்காமல் நிற்கிறார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்ன, காய்ச்சலோ?"

"பிர்கிட் வாறா" என்றார். பிர்கிட் அவருடைய மனைவி. "வாற சனி ஞாயிறு நிண்டு பாத்துப்போட்டு முடிவு சொல்லுவா."

"நல்ல விசயம்தானே?"

"ரெண்டு குளிர்காலம் இருந்தும் ஒருதரோடையும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடேல்லையெண்டால், நானும் வந்து அங்கை ரெண்டாவது தனி ஆளா ஏன் இருக்கோணும் எண்டு கேக்கிறா. அப்பிடியெண்டால் வேலையை விட்டிட்டு நீங்கள் திரும்பி வாங்கோ எண்டு சொல்லுறா. எனக்கு இந்த வேலை பிடிச்சுப்போச்சு. இந்த இடமும் பிடிச்சுப்போச்சு. அவ இல்லாமலும் எனக்கு ஏலாது."

"நீங்கள் என்ன மறுமொழி சொன்னனீங்கள்?"

தலை குனிந்தார். "எனக்கு இஞ்சை கனக்கச் சிநேகிதர் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன்."

"கனக்க எண்டால்?"

"உங்களையும் உங்கட மனுசனையும் எண்ணித்தான்."

அதற்குள் என் கணவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு மேசையோ? மண்டபம் நிறைய மேசை போட்டிருக்கு! சனிக்கிழமை என்ரை அம்பதாவது பிறந்தநாள். மனிசியையும் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு மண்டபத்துக்கு வாங்கோ. இது அழைப்பு. கணக்கிலை வரும்தானே?"

காத்துக்காரர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விட மனமில்லாமல் குலுக்கினார். பிறகு படிக்கட்டு யன்னலை அகலத் திறந்துவிட்டு மேலே ஓடினார்.

எங்கள் சனத்திடம் நாலு மணி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. நாலு மணிக்கு ஆண்கள் நித்திரையால் எழும்புவார்கள். ஐந்து மணிக்குப் பெண்கள் சேலைக்குப் பொருந்துகிற சட்டையைத் தேடத் தொடங்குவார்கள். ஆறரைக்கு ஆள் வர வேண்டுமானால் நாலு என்று சொல்ல வேண்டும். ஐந்து என்று சொன்னால் கேக்கை நடுச்சாமத்தில்தான் வெட்ட வேண்டி வரும். விழாக்காரரே நேரத்துக்குப் போய் மண்டபத்தில் நின்றால், "என்ன, வீட்டிலை சண்டையோ?" என்று கேட்பார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வாயில் ஊசி. அப்போதுதான் மண்டையில் அடித்தது.

"இஞ்சாருங்கோ! காத்துக்காரருக்கும் நாலு எண்டோ சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் நாலு எண்டுதானே சொன்னனான்."

"எல்லாரும் எண்டால் எங்கட சனம்! அந்த மனுசன் ஜெர்மன்காரன்! சொன்ன நேரத்துக்குப் போய் நிப்பார்!"

"ரெண்டு குளிர்காலமா எங்களோடை இருக்கிறார், இது கூடத் தெரியாதோ? நீர் ஏன் கத்துறீர்?"

நான் காத்துக்காரருடைய போனுக்கு அடித்தேன். கூரைக்கு மேலே, ஆளில்லாத அவருடைய வீட்டில் அது மணி அடித்தது. மனைவி வந்த நாளில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நல்ல பிள்ளை! என் கணவர் பாதிப் பொத்தானோடு காரை எடுத்தார். வழி நெடுக நான் அவரைத் திட்டினேன். சிவப்பு விளக்குகளையும் திட்டினேன். வெறும் மண்டபத்தில் அந்த மனிதர் மனைவிக்கு என்ன முகத்தைக் காட்டுவார் என்பதை நினைக்கவே முடியவில்லை.

நடந்ததைப் பிறகு பிர்கிட்டே எனக்குச் சொன்னார். இருவரும் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கவே போய்விட்டார்கள். மண்டபக் காவலர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே அடுக்கி வைத்த கதிரைகளும், ஊதாத பலூன் பெட்டி ஒன்றும். காத்துக்காரர் கையில் தானே செய்த உருளைக்கிழங்கு சாலட். நாலரை ஆனது. பிர்கிட் மணிக்கூட்டைப் பார்த்தார். காத்துக்காரர் போய் யன்னல்களைத் திறந்தார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். ஐந்து மணிக்கு பிர்கிட் கோட்டை எடுத்துப் போட்டார்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருதரும் இல்லையெண்டு சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பன்" என்றாராம்.

காத்துக்காரர் போய் யன்னல்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினார். இத்தனை வருடக் கலியாணத்தில் அவர் இவ்வளவு மெதுவாக யன்னல் பூட்டி தான் கண்டதில்லை என்று பிர்கிட் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அந்த நேரத்தில் சமையல் ராசன் அண்ணை வந்து சேர்ந்தார். எங்கள் விழாக்களுக்கெல்லாம் சாப்பாடு செய்கிறவர், என் கணவரோடு ஒரே ஹோட்டல் குசினியில் வேலை பார்த்தவர். சோற்றுத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் உள்ளே வந்தவர், நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர் யன்னல் பூட்டுவதைப் பார்த்தார். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுக் கத்தினார்.

"டேய், இது எங்கட காத்துக்காரர் எல்லோ!"

பிறகு தன்னுடைய குசினி ஜெர்மனில் பிர்கிட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னார். மிளகாய்ப் புகைக்குள் பாய்ந்தது, பாண் கடை, திங்கட்கிழமை உள்ளாடை, ஒன்றும் மிச்சமில்லை. என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. சாவீட்டிலும் கலியாண வீட்டிலும் அவர் வந்த நாளிலிருந்து இந்தக் கதைகளைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். காத்துக்காரரை ஒரு தடவையும் காணாத சனத்துக்கும் அவருடைய சரித்திரம் மனப்பாடம்.

"நிண்டு பாக்காமல் யன்னலைத் திறவுங்கோ, சோத்து ஆவி போகட்டும்! அக்கா, நீங்கள் இந்தப் பக்கம் பிடியுங்கோ!" என்று ராசன் அண்ணை உத்தரவு போட்டார். பிர்கிட் கோட்டைக் கழற்றினார்.

நாங்கள் காரை நிறுத்தியபோது மண்டபத்து யன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. எனக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடினால், கதிரைகள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது மாதிரி வரிசையில் நிற்கின்றன. ஒரு பெண் சப்பாத்தில்லாமல் மேசைமேல் ஏறி நின்று ஐம்பது என்று எழுதிய பலூனைக் கட்டுகிறார். காத்துக்காரர் கீழே நின்று நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் கணவரைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நாலு மணி எண்டு சொன்னீங்கள். பின்னேரம் நாலோ, விடிய நாலோ?"

ஆறரைக்குச் சனம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் என் கணவருக்கு வாழ்த்துச் சொல்ல முன் அவரைத்தான் தேடினார்கள். "இவரோ காத்துக்காரர்?" என்று கை கொடுத்தார்கள். "வணக்கம் காத்துக்காரர்!" என்று தோளில் தட்டினார்கள். என் மச்சாள் ஒருத்தி, "அண்ணை, எங்கட வீட்டிலையும் மணம் போகுதில்லை, ஒருக்கா வாங்கோ" என்று அங்கேயே முற்பணம் இல்லாமல் வேலைக்கு அமர்த்தினாள். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மேசையில் இடம் காணாமல் பக்கத்து மேசையை இழுத்து ஒட்டினார்கள். கோழிக்கறியைக் கண்ணீரோடு சாப்பிட்டார். அந்தக் கண்ணீர் முழுவதும் மிளகாயால் வந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

பிர்கிட் என் பக்கத்தில் வந்து நின்றார். "எல்லாரும் ஒரு சொல்லைச் சொல்லுகினம். அது என்ன?"

நான் அர்த்தத்தைச் சொன்னேன்.

"பகிடி பண்ணுகினமோ?"

"ஓம், பகிடிதான். ஆனால் எங்களுக்கு ஆரோவாக இருக்கிற ஆளுக்கு நாங்கள் பட்டம் வைக்கிறேல்லை. எங்கட ஆளெண்டால்தான் வைப்பம்."

அவர் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒண்டு வைப்பினமோ?" என்று கேட்டார். அதற்கு முன்னரே என் மச்சாள்மார் அவரைக் காத்தம்மா ஆக்கிவிட்டிருந்தார்கள். ஆறு கிழமையில் காத்தம்மா பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்.

அந்தப் பிறந்தநாள் படங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. என் கணவர் கேக் வெட்டுகிற ஒவ்வொரு படத்திலும் பின்னால் காத்துக்காரர் ஏதோ ஒரு யன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

பல வருடம் எங்கள் தலைக்கு மேலே இருவரும் இருந்தார்கள். நாலு மணி என்றால் ஆறரைக்கு வருவதற்குக் காத்தம்மா பழகிவிட்டார். காத்துக்காரர் கடைசிவரைக்கும் பழகவில்லை. எங்கள் கொண்டாட்டங்களுக்கெல்லாம் கதிரை அடுக்கியது அவர்தான். போன இலையுதிர் காலத்தில் பாசல் நகரத்தில் புதிய வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போகும்போது ஒரு பெரிய போத்தல் நிறையக் கறித்தூள் கொடுத்தேன். அந்தத் தூளை வறுத்தபோது யன்னல் திறந்தவரும் அவர்தான்.

மேல்வீட்டுக்கு இப்போது வேறு ஆட்கள். நல்லவர்கள், யன்னலைத் தொட மாட்டார்கள். படிக்கட்டு யன்னல் பூட்டியபடியே கிடந்தது. கீழ்வீட்டு அம்மா கடைசியில் சண்டையில் வென்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த காலை. வேலைக்குப் போகக் கதவைத் திறக்கிறேன், ஐஸ் காற்று முகத்தில் அடிக்கிறது. வந்துவிட்டாரோ என்று படியில் பாய்ந்து இறங்கினேன். யன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் கீழ்வீட்டு அம்மா, வீட்டுக்கோட்டுக்கு மேலே ஒரு சால்வையும் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நிற்கிறார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம்தான்" என்றார். "உள்ளுக்குக் காத்துச் சரியில்லை."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இருவருக்கும் பல் கிட்டியது. பூட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.